சின்னப்பொண்ணுக்கு ஒத்துக்காதது

பிள்ளை எதுக்களித்ததை நீங்கள் எப்போதாவது மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்திருக்கிறீர்களா? மூஞ்சியைச் சுளிக்காதீங்க, காரணத்தோடுதான் கேட்கிறேன். என் மகள் வர்ஷிகா தவழ ஆரம்பித்திருந்த நேரம் அது, அவள் என் இடது தோளில் கக்காத நாள் கிடையாது, அதற்கென்றே பழைய பருத்திச் சேலையைக் கிழித்து ஒரு துணியைத் தோளில் போட்டுக்கொண்டே திரிவேன். தாய்ப்பால் ஒத்துக்காமல் வந்தால் ஒரு புளிப்பு வாடை, பசும்பால் என்றால் ஈரச் சுண்ணாம்பு வாடை, வாழைப்பழம் என்றால் மூடிக் கட்டிய சாக்கு வாடை, பக்கத்து வீட்டுக்காரி எனக்குத் தெரியாமல் டீயில் முக்கின பிஸ்கட்டை ஊட்டியிருந்தால் அதற்குத் தனியாக ஒரு வாடை. அதனால்தான் எங்கள் பட்டறை வாசலில் சின்னப்பொண்ணு முதல் தடவை ஓங்கரித்தபோது ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போக, நான் மட்டும் மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஓர் எட்டு முன்னால் போனேன். தைரியமெல்லாம் இல்லை. பழக்கம்.

சின்னப்பொண்ணு ஒரு டிராக்டர். வந்த காலத்தில் நீல நிறம், இப்போது எந்த நிறமும் இல்லை. பின்பக்கம் மண் அள்ளும் கை ஒன்றைப் பூட்டியிருக்கும், அது மடங்கி நிற்கும்போது உட்கார்ந்து காதைச் சொறிகிற நாய் மாதிரித் தெரியும். செம்பனேந்தலுக்கு அது வந்து இறங்கிய அன்று ஊரிலேயே வயதில் குறைந்த சாமான் அதுதான் என்று அந்தப் பெயரை வைத்தார்களாம், பிறகு அது கிழடாகி, அதை ஓட்டியவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்து, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஊர்ப் பொது வண்டி. வருஷத்தில் ஒரு தடவை எங்கள் கண்மாயின் கலுங்கில், அதுதான் நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியே போகிற வாசல், அங்கே சேரும் மண்ணை அள்ளிப் போடுவதற்குத்தான் அதை வைத்திருந்தார்கள். வாடகைக்குப் பெரிய பொக்லைன் கொண்டுவரலாமே என்று கேட்பீர்கள். முந்தின வருஷம் கொண்டுவந்தோம். கரை தாங்காமல் சங்கிலிச் சக்கரம் உள்ளே இறங்கி, இழுத்து வெளியே எடுப்பதற்குள் கரை முழங்கை மாதிரி மடங்குகிற இடத்தில் பெரிய பள்ளம் விழுந்து, அந்த முழங்கை இன்னமும் மெலிவாகத்தான் இருக்கிறது. அதற்கு நேர் கீழே கீழத்தெரு. கீழத்தெருவில் முதல் வீடு எங்கள் வீடு, பட்டறையும் அதோடு ஒட்டினதுதான். என் மகள் தூளி தொங்குகிற விட்டம் கண்மாய்த் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஐப்பசி மழைக்குள் கலுங்கு திறக்கவில்லை என்றால் தண்ணீருக்கு வேறு வழி கிடையாது, அந்த முழங்கையை உடைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வரும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த வருஷம் ஆவணியில் சின்னப்பொண்ணு கலுங்குக்குப் போகிற வழியில் நின்றது. தள்ளிக்கொண்டு வந்து பட்டறையில் விட்டார்கள். என் வீட்டுக்காரர் பூமிநாதன் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைக்காமலே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே இருந்த பிஸ்டன் மூன்றும் மூன்று வீட்டுப் பிள்ளைகள். ஒன்றின் தலையில் குழி, ஒன்று மொட்டை, ஒன்றை யாரோ அரத்தால் ராவிப் பொருத்தியிருக்கிறார்கள். அந்தந்தக் காலத்தில் வந்த மெக்கானிக்குகள் கையில் கிடைத்ததைப் போட்டு, ஓடினால் சரி என்று ஓட்டியிருக்கிறார்கள். பிஸ்டன் ஓடுகிற உருளையையும் கடைந்து கடைந்து, அளந்து பார்த்தால் எந்தக் கணக்கிலும் சேராத ஓர் அளவு வருகிறது.

அவர் எனக்கு விளக்கியது இதுதான். அந்த மாதிரி இன்ஜினை ஒரே அச்சில் வார்த்து, உள்ளே மட்டும் மாற்றி மாற்றிச் செய்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே முகம். ஒன்றில் டீசல் பிஸ்டன் தலைக் குழியில் எரியும், இன்னொன்றில் மேல் மூடியில் இருக்கிற சின்ன அறையில் எரியும், ஒன்றுக்கு உருளைக்குள் தடித்த உறை, ஒன்றுக்கு மெல்லிசு. எது எந்த உருவம் என்பதை இன்ஜின் நம்பரின் கடைசியில் ஓர் எழுத்தாக அடித்திருப்பார்கள், அந்த எழுத்துகள் ஒரு பள்ளிக்கூட வகுப்பு நிறைய இருக்குமாம். எழுத்தைச் சொன்னால் எந்தச் சந்துபொந்திலும் தேடிச் சரியான பிஸ்டன் செட்டைத் தருகிறேன் என்றார் மதுரையில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர். எழுத்து இல்லாமல் வந்தால் டீ மட்டும்தான் தருவாராம்.

நம்பர் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இன்ஜின் பிளாக்கின் வலது பக்கம், டீசல் பம்புக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சமதளம். அந்த இடத்தில்தான் சின்னப்பொண்ணின் பொட்டு இருந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, அது காய்ந்து, அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் ஏறி, அடுத்த பூஜைக்கு அதன்மேலேயே மறுபடியும் அப்பி, இப்போது அது பொட்டு இல்லை, பாறை. கதவு இடுக்கில் வைத்தால் கதவு மூடாது, அவ்வளவு தடிப்பு.

அதைச் சுரண்டி நம்பரைப் பார்க்கட்டுமா என்று என் வீட்டுக்காரர் ஊர்ப் பெரிய மனிதர் ராக்கப்பன் அம்பலத்திடம் கேட்கப் போனார். அவரைக் கேட்காமல் எங்கள் ஊரில் வேப்ப மரத்திலிருந்து குச்சி ஒடிக்க முடியாது. பானெட்டில் பேர் எழுதியிருக்கிறதே, அதைச் சொல்லி வாங்கிவா என்றார் அம்பலம்.

"பானெட்டுல இருக்கிறது சட்டைல தைச்ச பேரு மாமா. அடுத்தவன் சட்டையவும் மாட்டிக்கலாம். பிறவி நம்பரு பிளாக்குலதான் இருக்கும்" என்றார் இவர்.

"ஏன்டா பூமி," என்றார் அம்பலம், "உன் பொஞ்சாதி நெத்தியச் சுரண்டித்தான் அவ பேரத் தெரிஞ்சுக்கிட்டியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்துவிட்டு வந்தார், வீட்டுக்கு வந்த பிறகுதான் முகம் தொங்கியது. சுமங்கலி நெற்றியில் கை வைக்கக் கூடாது, வைத்தால் ஊருக்கு ஆகாது. டிராக்டருக்குப் புருஷன் யார் என்று யாரும் கேட்கவில்லை. பொட்டு இருந்தால் சுமங்கலி, அவ்வளவுதான் கணக்கு.

அதனால் பானெட்டுப் பெயருக்கு ஒரு செட்டு வாங்கிப் போட்டார். சாவியைத் திருப்பினார். சின்னப்பொண்ணு இரண்டு தடவை செருமியது, மூன்றாவது தடவை அடிவயிற்றிலிருந்து மனுசி மாதிரியே ஓங்கரித்து, சைலன்சர் வழியாகக் கக்கியது. புது ரிங்கெல்லாம் மென்று துப்பிய கரும்புச் சக்கை மாதிரி வெளியே வந்து விழுந்தது, அதைச் சுற்றிக் கொழகொழவென்று கறுப்புக் கோழை, கோழைக்குள் வெள்ளை வெள்ளையாகத் திரிந்த பால், பாலுக்குள் போன வருஷப் பூஜையின் கொண்டைக்கடலை. நான் முன்னால் போனேன் என்று சொன்னேனே, குனிந்து மோந்தேன். ஏன் இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது கக்குகிறது என்றெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளையும் அப்படித்தான், நேற்றுவரை குடித்ததை இன்றைக்குக் கக்கும்.

"இது வேத்துப்பால் வாடைங்க. இந்த வீட்டுப் பிள்ளையே இல்ல இது. பானெட்டுல இருக்கிறது பொய்ப் பேரு" என்று இவரிடம் சொன்னேன்.

அப்புறம் அம்பலமே முடிவு செய்தார், அவருடைய அப்பா சொன்னதாக ஞாபகம் இருக்கிற பெயருக்கு இன்னொரு செட்டு வாங்கச் சொன்னார். அதையும் போட்டார். அதையும் கக்கியது. இந்தத் தடவை கருவாட்டுக் குழம்பு ஊசிப்போன வாடை, கோழை பச்சை நிறம், அதில் தலைமுடிச் சிக்கு சிக்காக. அதற்குப் பிறகு செட்டே போடாமலும் கக்க ஆரம்பித்தது, உள்ளே மிச்சமிருக்கிறதையெல்லாம் வெளியேற்றுகிற மாதிரி, பொழுது விடிந்தால் ஒரு தடவை, பொழுது சாய்ந்தால் ஒரு தடவை.

இனிமேல்தான் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் எல்லோரும் காறித் துப்பினார்கள், அடுத்து வேடிக்கை பார்த்தார்கள், அடுத்து பழகிவிட்டார்கள். கீழக்காற்று அடித்தால் மேலத்தெரு சீக்கிரமாகச் சாப்பிட்டு முடித்தது, மேலக்காற்று அடித்தால் நாங்கள் முந்திக்கொண்டோம். பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே தண்ணீருக்குப் போய் வர, போகப் போக அதுவே மரியாதையாகி, எதிரில் பெரியவர்கள் வந்தால் முந்தானையை மூக்குக்கு ஏற்றுவது என்று ஆயிற்று. பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் கேசரியை மூச்சுப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிட்டு, பெண் அடக்கமாக இருக்கிறாள், வாயே திறக்கவில்லை என்று பூ வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கோழையை நக்கின நாய்கள் தெருமுனையில் நான்கு காலையும் ஊன்றி நின்றுகொண்டு, ஓட்டத்தில் விட்ட வண்டி மாதிரி உடம்பு முழுக்க அதிர்ந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் போகக் கற்றுக்கொண்டோம்.

பிள்ளைக்குச் செய்கிறதையெல்லாம் செய்தும் பார்த்தார்கள். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள். வசம்பைக் கோத்து ஸ்டியரிங்கில் வளையல் மாதிரிக் கட்டினார்கள். ஜாதிக்காயும் மாசிக்காயும் கல்லில் உரைத்து, ஆயில் ஊற்றுகிற வாயில் சங்கை வைத்துப் புகட்டினார்கள். சின்னப்பொண்ணு அதை வாங்கிக்கொண்டு, புகட்டினவர் மேலேயே கக்கியது. ஆயுத பூஜையும் வந்தது, இந்த நிலைமையிலும் அந்தப் பாறைமேல் இன்னொரு பிடி சந்தனத்தை அப்பிவிட்டுத்தான் போனார்கள்.

அதுவரைக்கும் நான் அருவருக்கவில்லை. சாம்பலைக் கொட்டி, தென்னை விளக்குமாற்றால் கூட்டி, கூடையில் அள்ளிக் குழியில் போட்டுவிட்டு, கையைக் கழுவிவிட்டுச் சோறு தின்றேன். ஆனால் பூஜை முடிந்த வாரம், அந்தக் கோழையில் ஒரு விரல் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டால் நல்லது என்று எவரோ சொல்லிவிட்டார்கள். ஷாம்பு பாட்டிலைக் கொண்டுவந்து பிடித்துப் போனார்கள். நான் கூட்டி ஒதுக்கி வைத்ததைக் குவியலிலிருந்தே தோண்டி எடுத்தார்கள். நெற்றியில் பச்சைக் கோழை வழிய வழிய நின்றுகொண்டு, அதே விரலால் என் மகள் கன்னத்தைக் கிள்ள வந்தார்கள். நான் மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தள்ளிப் போனேன். கக்குகிறதைப் பார்த்தால் ஒன்றுமில்லை, கக்கினதைக் கும்பிடுகிறதைப் பார்க்க முடியவில்லை.

இதற்குள் தூறல் ஆரம்பித்துவிட்டது. கண்மாய் நிறைந்து கொண்டு வந்தது. முழங்கை இடத்தில் கரையின் அடிப்பக்கம் ஈரம் கசிந்து, என் வீட்டுக் கொல்லையில் மண் மெத்து மெத்தென்று ஆகி, கால் வைத்தால் பள்ளம் நிறையத் தண்ணீர் ஊறியது. இவர் மண்மூட்டை அடுக்கினார், அடுக்க அடுக்க அதுவும் உள்ளே போனது. நான் தூளியை அவிழ்த்து, பரண் கட்டையில் உயரமாகக் கட்டினேன். கட்டிவிட்டுப் பார்த்தால் சிரிப்பு வந்தது. எவ்வளவு உயரத்தில்தான் கட்டுவது?

ஊர் கூடியது. அம்பலமும் அன்றைக்கு வேடிக்கை பேசவில்லை, தண்ணீர் வந்தால் அவர் நெல்லும்தான் போகும். நம்பரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் சுமங்கலி பொட்டை எப்படித் தொடுவது? ஊர் யோசித்தது. யோசித்து யோசித்துக் கடைசியில் அம்பலம்தான் வழி கண்டுபிடித்தார்.

"தாலி அறுத்தவ பொட்டத் தொடைக்கலாம்ல. அப்ப அறுத்துட்டாப் போச்சு" என்றார்.

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை, நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ரேஷன் கடைக்குப் பின்னால் சக்கரம் இல்லாமல் துருப்பிடித்துக் கிடந்த டிரெய்லர்தான் புருஷன் என்று முடிவாயிற்று, அது நேற்று செத்துப்போனது என்றும் முடிவாயிற்று. அதற்கு மாலை போட்டார்கள். கட்டினால்தானே அறுக்க முடியும் என்று சின்னப்பொண்ணின் சைலன்சரில் முதலில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டினார்கள், கட்டும்போது குலவைகூடப் போட்டார்கள். பிறகு அவசர அவசரமாக ஒப்பாரி. பொய்யாகத் தொடங்கினவர்கள் அழ அழ நிஜமாகவே அழுதார்கள், ஆளாளுக்கு அழுவதற்கு ஒன்று இருக்கத்தானே செய்கிறது. ஸ்டியரிங் நிறையக் கண்ணாடி வளையல் மாட்டினார்கள், உடைப்பதற்கு.

பொட்டை அழிக்கிறது தாலி அறுத்த பெண்கள் செய்கிற வேலை. அதற்கு அம்பலம் தன் தங்கச்சி முத்திருளாயியைக் கூட்டி வரச் சொன்னார். முறை எப்படியோ, நான் அவரை அயித்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் புருஷன்தான் சின்னப்பொண்ணை முதன்முதலில் ஓட்டினவர், மஞ்சள் காமாலையில் இளவயதிலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு அயித்தை எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் வந்து நின்றதில்லை, யாரும் கூப்பிட்டதும் இல்லை. இன்றைக்குத்தான் கூப்பிட்டார்கள், இதற்கு. வெளுத்த சேலையோடு வந்து, இடம் விட்டுத் தள்ளி நின்றார். அவர் கையில் ஒரு துணியைத் திணித்தார்கள்.

"நான் தொடைக்க மாட்டேண்ணே," என்றார் அயித்தை. "எம் பொட்டையே நான் தொடைக்க விடல."

யாருக்கும் புரியவில்லை. தொடைத்தோமே, நாங்கள்தானே தொடைத்தோம் என்று வயதான பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்பலம் பல்லைக் கடித்துக்கொண்டு, வளையலையாவது உடையுங்கள், நேரமாகிறது என்றார். ஒருத்தி கல்லை எடுத்து ஸ்டியரிங்மேல் தட்டினாள்.

வளையல் உடைந்த சத்தத்துக்குச் சின்னப்பொண்ணு குலுங்கியது. சாவி இவர் சட்டைப் பையில் இருந்தது. இருந்தாலும் அது ஓங்கரித்தது, அப்படி ஓர் ஓங்கரிப்பை அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை, கரைமேல் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் போய்விட்டது. கோழை வரவில்லை. பால் வரவில்லை. சைலன்சர் வழியாகப் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள் வந்தன, ஒவ்வொன்றிலும் பொன் கோடு போட்டிருந்தது, ஈரமாக, கழுவி எடுத்தது மாதிரி. இப்போது உடைத்தவை சிவப்பு வளையல்கள். இவை எப்போதோ உடைத்தவை. கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு பெண்ணின் இரண்டு கைக்கும் முழங்கை வரை போடுகிற அளவுக்குக் கொட்டிவிட்டு நின்றது.

அம்பலம் ஒரு துண்டைக் குனிந்து எடுத்தார். தங்கச்சி கல்யாணத்துக்கு மதுரையில் கடை கடையாக ஏறி அவரே பார்த்து வாங்கின வளையலாம். அது எப்போது உடைத்தது என்று அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கல்லை வைத்திருந்தவள் அதைக் கீழே வைக்கவும் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர், புருஷன் செத்த அன்றைக்கு வளையலை உடைக்க அயித்தையின் கையைப் பிடித்தவர்கள்.

நான் பக்கத்தில் போய் மோந்தேன். ஒரு வாடையும் இல்லை. எனக்குக் குமட்டல் வந்தது அப்போதுதான். பாலுக்கும் கருவாட்டுக்கும் வராதது, வாடையே இல்லாத அந்தப் பச்சைத் துண்டுகளுக்கு வந்தது, தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு டிராக்டருக்குக்கூட இதை விட்டுவைக்க மாட்டீர்களா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன், வாயைத் திறந்தால் கக்கிவிடுவேன் போல இருந்ததால் மூடிக்கொண்டேன்.

மகளை இவர் கையில் கொடுத்தேன். சைலன்சரில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றை அறுக்காமல், முடிச்சைப் பார்த்து அவிழ்த்து எடுத்தேன். தோளில் கிடந்த கக்கல் துணியை டீசல் தகரத்தில் முக்கிப் பிழிந்துகொண்டு, அந்தப் பாறைமேல் வைத்தேன்.

"யாரைக் கேட்டு நீ கைய வைக்கிற?" என்றார் அம்பலம். சத்தம் பாதிதான் வந்தது.

"எதுக்களிச்ச பிள்ளைக்கு வாயைத் தொடைக்க யாரக் கேக்கணும் மாமா" என்றேன்.

வர்ஷிகாவிடம் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டு துடைத்தேன். தொடைச்சுக்குவோம், ஒன்னும் இல்ல, தொடைச்சுக்குவோம் என்று. டீசல் ஊற ஊறப் பாறை இளகியது. இந்த வருஷச் சந்தனம் வந்தது, அதன் அடியில் பிசுக்கு, அதன் அடியில் போன வருஷக் குங்குமம், அடியில் பிசுக்கு, அடியில் சந்தனம், வெங்காயம் உரிகிற மாதிரி ஒவ்வொரு பூஜையாக உரிந்து என் கையெல்லாம் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக வழிந்தது. முழங்கை வரைக்கும் வழிந்தது, கழுவினாலும் வாரக்கணக்கில் போகவில்லை. நம்பர் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது, பாதியைத் துரு தின்றிருந்தது, பாதி தெரிந்தது. கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மிளகு அளவுக்கு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினேன். நகத்தில் ஏறி வந்தது.

ஸ்டிக்கர் பொட்டு. மெரூன் நிறம், வெல்வெட்டு, ஓரம் தேய்ந்துபோனது.

எல்லோரும் பார்த்தார்கள், பிறகு அயித்தையைப் பார்த்தார்கள். அவர் அதிகம் பேசவில்லை. அன்றைக்கு உள்ளே பெண்கள் வளையலும் தண்ணீரும் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிட்டபோது, பின்வாசல் வழியாக வந்து, புருஷன் வண்டியில் ஒட்டி வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். வெறும் நெற்றியோடு வந்து உட்கார்ந்தவரைப் பார்த்து, அழுகையில் உதிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வெறும் நெற்றியைத்தான் பெண்கள் துடைத்திருக்கிறார்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு வந்தவர்கள், ஓ, இந்த இடத்தில்தான் பொட்டு வைக்க வேண்டும் போலிருக்கிறது என்று அதன்மேலேயே சந்தனத்தை அப்பியிருக்கிறார்கள். எங்கள் ஊர் வழக்கம் அவ்வளவும் அப்படி வந்ததுதான்.

இவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நம்பரில் மற்றதெல்லாம் அரித்துப்போயிருக்க, அந்தப் பொட்டுக்கு அடியில் இருந்த கடைசி எழுத்து மட்டும் நேற்று அடித்த மாதிரி பளபளவென்று இருந்தது.

"எச்" என்று வாசித்தார். மறுபடியும், யாரோ வீட்டுக்கு வந்தவர் பெயரைச் சொல்கிற மாதிரி, "எச்சு" என்றார்.

மதுரைக் கடைக்காரர் இந்தத் தடவை டீ தரவில்லை, பரணில் ஏறினார். செட்டு வந்தது, தூறலில் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு பூட்டினார்கள். சாவியைத் திருப்பியதும் சின்னப்பொண்ணு இரண்டு தடவை செருமியது. ஊரே முந்தானையை மூக்குக்கு ஏற்றியது. மூன்றாவது தடவை ஒரு பெரிய ஏப்பம் விட்டது, பால் குடித்து முடித்துத் தோளில் தட்டினால் வருமே, அந்த ஏப்பம்தான். அப்புறம் ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. தெருமுனை நாய்கள் அதிர்வதை நிறுத்திவிட்டு, எங்கே விட்டோம் என்கிற மாதிரிச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன.

கரை அதைத் தாங்கியது. கலுங்கில் இருந்த மண்ணை அள்ளி, அந்த மண்ணையே முழங்கையில் கொண்டுவந்து கொட்டி அமுக்கினார் இவர். அன்று பிற்பகலே மழை பிடித்தது. கொல்லையில் ஊறுவது நின்றதா என்று நான் வெறுங்காலால் மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றிருந்தது. தூளியைப் பழைய விட்டத்துக்கே இறக்கிக் கட்டினேன்.

ஊர் இதையும் பழகிவிட்டது. கோழை பிடித்த ஷாம்பு பாட்டில்களை யார் வீட்டிலும் காணோம், கேட்டால் நாங்கள் பிடிக்கவே இல்லை என்றார்கள். டிரெய்லருக்குப் போட்ட மாலையை ஆடு தின்றுவிட்டது. சின்னப்பொண்ணுக்கு இனிமேல் எங்கே பொட்டு வைப்பது என்று ஒரு கூட்டம் போட்டு, பானெட்டின் நெற்றியில் வைக்கலாம், நம்பர் பக்கம் போகக் கூடாது என்று அம்பலம் தீர்ப்புச் சொன்னார், எல்லாம் தனக்கு முன்பே தெரிந்தது மாதிரி. அந்தப் பச்சை வளையல் துண்டுகளை மட்டும் யாரும் கூட்டி அள்ளவில்லை. நான்தான் அள்ளி, குழியில் போட மனசில்லாமல், ஒரு பால் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பொட்டை என் வீட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினேன்.

கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் மறுகால் பாய்ந்த அன்று ஊர் முழுக்கக் கரையில் நின்றது. பெண்கள் தட்டில் மஞ்சளும் குங்குமமும் பூவும் கொண்டுவந்து தண்ணீரில் விட்டார்கள். சின்னப்பொண்ணைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தி, பானெட்டில் சின்னதாக ஒரு குங்குமம் வைத்தார்கள், சந்தனத்தை யாரும் அப்பவில்லை. முத்திருளாயி அயித்தை வழக்கம்போலத் தள்ளித்தான் நின்றார். குங்குமத் தட்டு ஒவ்வொருத்தியாகச் சுற்றி வந்து, அவருக்குப் பக்கத்தில் வந்ததும் தானாகவே திரும்பிப் போனது. நான் கூட்டத்தை விட்டு அவர் பக்கம் போய், மகளை அவர் கையில் கொடுத்துவிட்டு, சும்மா நின்றேன்.

வர்ஷிகா அவர் வெள்ளைச் சேலை நிறையக் கக்கினாள். வாழைப்பழம். அயித்தை குனிந்து ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, சேலை முனையால் பிள்ளை வாயைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, தண்ணீரைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"மீனா, உங்க வீட்டுக் கண்ணாடில ஒட்டி வச்சிருக்கியே, அதுல பசை இருக்காதுத்தா. உன் நெத்தில இருக்கிறத எடுத்து எனக்கு ஒட்டி விடு. நீ வேற வச்சுக்க."